மூன்று அப்பப்பாக்களும் ஒரு நன்றியும்

முதலில் என்னுடைய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். நான் சொன்னால் கொஞ்சம் குறைத்துச் சொல்வேன்.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்த நான், அந்தக் கட்டுரையை எழுதித் தோற்றவன். அதுவும் சும்மா தோற்கவில்லை; வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தோற்றவன்.

இங்கே ஜெர்மனியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அவர்கள் பள்ளிக்கூடப் புள்ளியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு மண்டபத்தில் இருத்தி, ஒரு தாளைத் தந்து, இரண்டு மணித்தியாலம் கையால் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அது பிடித்தால் மூன்று கிழமை கழித்து நேரில் கதைக்கக் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் இரண்டு தடவைதான் போகலாம். என்னுடைய முறை வந்தபோது தாளைத் திருப்பினேன். ‘காத்திருத்தல்’ என்று ஒரே ஒரு சொல். எனக்கு உறுப்புதானம் பற்றி ஒரு கட்டுரை பாடம். எழுத்துக்கு எழுத்து பாடம். காத்திருத்தல் பற்றி ஒன்றும் பாடமில்லை. அரை நிமிடம் யோசித்தேன். சிறுநீரகத்துக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள்தானே? அந்த ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, உறுப்புதானத்தை முழுசாக அந்தப் பக்கம் இறக்கிவைத்துவிட்டு, நேரம் முடிய முக்கால் மணித்தியாலம் இருக்கவே எழும்பி வந்துவிட்டேன். வெளியில் வந்து அம்மாவுக்குப் போன் எடுத்து, “அம்மா, சரி வந்திட்டுது, இனி நீங்கள் எல்லாருக்கும் சொல்லலாம்” என்றேன். அம்மாவும் சொல்லிவிட்டார். பிறகு ஐந்து வரியில் ஒரு கடிதம் வந்தது. எல்லாருக்கும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அம்மாவுக்கு ஒரு மாதம் எடுத்தது.

அடுத்த வருடம், கட்டுரை எதுவும் கேட்காத வேறொரு பல்கலைக்கழகம் என்னை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஹம் நகரில், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற கட்டடத்தில், நம்முடைய மருத்துவ மாணவர்கள் சேர்ந்து விண்ணப்பதாரர்களுக்கு உதவுகிற இந்த வகுப்பைத் தொடங்கியபோது, உயிரியலுக்கு ஆள் இருந்தது, இரசாயனத்துக்கு ஆள் இருந்தது, கட்டுரைக்கு ஆள் இல்லை. சனிக்கிழமை வேறு வேலையில்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். இப்படித்தான் உங்கள் முன்னோடி தெரிவு செய்யப்பட்டார்.

இப்போது கடைசி வருட ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போகிறேன். சனிக்கிழமைகள் இனி என்னுடையவை அல்ல. இருபத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் உதைபந்தாட்டக்காரர்களும் நானும்தான். பொறுப்பை எடுக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எப்படிப் பந்தி பிரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது, நீங்கள் இந்த வகுப்புக்கு வந்த முதல் நாளே கேட்ட கேள்விக்குப் பதில்: “விண்ணப்பதாரரின் கட்டுரைக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பவர் பேனையைத் தொடக்கூடாது” என்று சுவரில் ஏன் எழுதி ஒட்டியிருக்கிறது?

நான் பேனையைத் தொட்டதால்.

எனக்கு இந்த வருத்தம், இந்தப் பாடமாக்கும் நோய், எங்கிருந்து தொற்றியது என்று உங்களில் அரைவாசிப் பேருக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் நின்றவர்கள்தான். அம்மா எழுதித் தருவார். சிவப்புக் கோடு போட்ட சொல்லுக்குக் கையைத் தூக்கவேண்டும், பச்சைக் கோட்டுக்குக் குரலைத் தாழ்த்தவேண்டும். குசினிக்கும் விருந்தினர் அறைக்கும் இடையில் நடந்து நடந்து பாடமாக்குவோம். எட்டு வயதில் நான் ‘முதுமை’ என்ற தலைப்பில் பேசி, நடுவராக இருந்த அக்காவைக் கண் கலங்கவைத்தேன். அந்தப் பேச்சில் பாதிச் சொல்லுக்கு எனக்குப் பொருள் தெரியாது. கிண்ணம் தந்தார்கள். அடுத்த வருடமும் தந்தார்கள். பொருள் தெரியாமல் பேசினால் கிண்ணம் கிடைக்கும் என்று ஒரு பிள்ளைக்குப் பத்து வருடம் பழக்கினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நான் செய்ததைத்தான் செய்யும்.

ஏழு கட்டுரைகளை ஜெர்மனில் எழுதினேன். மரணம், தவறு, முதுமை, உண்மை சொல்வது, அந்நியர், குழுவாக வேலை செய்வது, தன்னலமின்மை. என்ன தலைப்பு வந்தாலும் இந்த ஏழில் ஒன்றுக்குள் தள்ளிவிடலாம் என்பது என் கண்டுபிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு கண்ணீர், ஒரு முடிவு. சனிக்கிழமைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் வளர்ந்த ஆட்களை இருத்தி, கையில் நேரம் பார்க்கும் கருவியுடன் அங்குமிங்கும் நடந்தேன். ஓட்டப்போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறவன் மாதிரி. கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை. முதல் வருடம் நம்மிடம் வந்தவர்களில் இரண்டு பேருக்கு, கட்டுரை கேட்காத வேறு பல்கலைக்கழகங்களில், இடம் கிடைத்தது. அவர்கள் நான் இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள். ஆனால் அதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் தர்ஷிகா அக்கா வந்தார்.

அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு இருபத்தொன்று. ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை. மூன்று வருடம் தொழில் படித்து, ஆறு வருடம் வேலை செய்தவர். அவருடைய பள்ளிக்கூடப் புள்ளிக்கு மற்றப் பல்கலைக்கழகங்கள் எதுவும் கதவைத் திறக்காது. இந்தக் கட்டுரைப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி. முதல் சனிக்கிழமை வேலை முடித்து நேராக வந்து, குட்டிக் கதிரையில் இருந்து, ஒரு தாளை நீட்டினார். பழகுவதற்காக நான் கொடுத்திருந்த தலைப்பு ‘பசி’. அவர் எழுதியிருந்தது இப்படிப் போனது: “ஏழு பத்துக்கு அவர் பாணை வேண்டாம் என்றார். பொய்ப்பல்லைக் கழற்றிப் பார்த்தேன். பல் முரசில் புண். ஏழு இருபத்தைந்துக்கு ரவைக் கஞ்சி கொடுத்தேன். அரைவாசி சாப்பிட்டார்.”

நான் சிரித்துவிட்டேன். “அக்கா, இது அறிக்கை. கட்டுரை எண்டால் மனசு வேணும்.”

“மனசு எங்க வரும்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. மருந்து எந்த நேரம் என்று கேட்பது போலக் கேட்டார்.

“மூன்றாவது பந்தியில” என்றேன் நான். இதை நான் உண்மையிலேயே சொன்னேன்.

அவருக்கு முதலாம் இலக்கக் கட்டுரையைக் கொடுத்தேன், மரணம். அதில் யாழ்ப்பாணத்தில் சாகக்கிடக்கும் அப்பப்பா ஒருவர் வருவார். பேரப்பிள்ளை அவருடைய கையைப் பிடித்திருக்கும். அவர் கடைசி மூச்சில், “நோயை அல்ல, மனிதரைப் பார்” என்பார். யாழ்ப்பாணத்தில் சாகக்கிடக்கிற ஒருவர் ஏன் இவ்வளவு திருத்தமான ஜெர்மன் வசனம் பேசுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அக்கா அதை பஸ்ஸில் போகவரப் பாடமாக்கினார். எனக்கு அவர்மேல் பெருமையாக இருந்தது, அதாவது, என்மேல்.

பரீட்சைக்கு நம்மிடமிருந்து மூன்று பேர் போனார்கள். தர்ஷிகா அக்கா, டோர்ட்முண்ட் பெடியன் ஒருவன், மியூனிக்கிலிருந்து வீடியோவில் சேர்ந்துகொண்ட ஒரு எஞ்சினியரின் மகன். தாளில் வந்தது, ‘நீங்கள் பயந்த ஒரு கணம்’. திரும்பி வருகிற ரெயினில் மூன்று பேரும் கதைத்திருக்கிறார்கள். பெடியன் எனக்கு ரெயினிலிருந்தே போன் எடுத்தான்.

“அண்ணா, ஒரு சின்னப் பிரச்சினை.”

“என்ன?”

“எல்லாற்ற அப்பப்பாவும் செத்துப்போனார்.”

“ஆற்ற அப்பப்பா?”

“எங்கட மூண்டு பேற்றயும். கையைப் பிடிச்சபடி. ஒரே வசனத்தைச் சொல்லிப்போட்டு.”

ஒரே மண்டபம், ஒரே நாள், மூன்று மேசைகளில் மூன்று கிழவர்கள் ஒரே பொன்மொழியோடு கண்மூடியிருக்கிறார்கள். கட்டுரைகளைத் திருத்திய பேராசிரியர்கள் இதை ஒரு தொற்றுநோய் என்று நினைத்திருப்பார்கள். மூன்று பேருக்கும் ஐந்து வரிக் கடிதம் வந்தது. மியூனிக் எஞ்சினியர் எனக்குப் போன் எடுத்தார், தமிழ்நாட்டுக்காரர், கோபப்படவே இல்லை. “தம்பி, மூணு பேரும் ஒரே வெர்ஷன அப்லோட் பண்ணிருக்காங்க. ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணலயா நீங்க?” என்று மட்டும் கேட்டார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். பெடியனுக்கும் எஞ்சினியரின் மகனுக்கும் பத்தொன்பது வயது, நல்ல புள்ளிகள். அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. தர்ஷிகா அக்காவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தடவை. அந்த மற்றத் தடவையைத் தின்றது நான்.

மன்னிப்புக் கேட்க அவருடைய வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் மன்னிப்பைப் பாடமாக்கினேன். சிரிக்காதீர்கள், பழக்கம். கதவைத் திறந்தவர் அவருடைய அப்பா. தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார்.

“நீங்கள்தானோ அந்தக் கட்டுரைத் தம்பி?”

“ஓம் அங்கிள்.”

“என்ர அப்பாவைச் சாகடிச்சது?”

பாடமாக்கிய மன்னிப்பில் இதற்கு இடமில்லை.

“அவருக்கு எண்பத்துநாலு வயது, தம்பி. இப்பவும் சைக்கிள்ல சந்தைக்குப் போறார். நேற்றும் போன்ல கதைச்சனான். நல்லாத்தான் இருக்கிறார்.” தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். “உள்ள வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ.”

தர்ஷிகா அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தொடங்கியவுடனே கையை உயர்த்தி நிறுத்தினார். “உம்மட பிழை அரைவாசி. பாடமாக்கினது நான்தானே. நீர் இனி என்ன செய்யப்போறீர், அதைச் சொல்லும்.”

“புதுசா ஏழு கட்டுரை எழுதுறன் அக்கா. இந்தமுறை ஆளுக்கு ஆள் வேற வேற...”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு எட்டாவது கட்டுரை ஒன்று இந்த உலகத்தில் எழுதப்படவில்லை.

“உமக்கு இன்னும் ஒரு மாதம் தாதிப் பயிற்சி செய்ய இருக்குதெல்லே?” என்று கேட்டார். மருத்துவ மாணவர்கள் எல்லாரும் மூன்று மாதம் நோயாளர் பராமரிப்பில் வேலை செய்யவேண்டும். எனக்கு ஒரு மாதம் மிச்சமிருந்தது. “எங்கட இல்லத்துக்கு வாரும்.”

அப்படித்தான் அந்தக் கோடை விடுமுறையில், என்னிடம் படிக்க வந்தவரிடம் நான் வேலைக்குப் போனேன்.

அந்த இல்லத்தில் எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். காலையில் முகம் கழுவ யார் போனாலும் ஏச்சு. அக்காவுக்கு ஒரு விதமான ஏச்சு, பொறுப்பாளருக்கு வேறு விதம். எனக்கென்று தனியாக ஒன்றைச் செய்து வைத்திருந்தார்: “வந்திட்டான் சவக்கையன்.” என் கை குளிராம். நான் மனம் தளரவில்லை. பேச்சுப்போட்டிக்காரன் அல்லவா? ஒவ்வொரு காலையும் அவருடைய கட்டில் அருகே நின்று, சுத்தத்தின் பயன் பற்றி, மரியாதை பற்றி, நாம் இருவரும் ஓர் அணி என்பது பற்றிப் பேசினேன். மூன்றாம் நாள் ஈரத் துணி என் காதடியில் வந்து விழுந்தது. வயதுக்கு நல்ல குறி.

பதினோராவது நாள் அதிசயம் நடந்தது. கிழவர் ஏசவில்லை. முகத்தைக் கழுவவிட்டார். கையைத் தூக்கு என்றால் தூக்கினார். முடித்துவிட்டுத் திரும்பும்போது, மெல்லிய குரலில், “நன்றி, இளைஞனே” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது பந்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு அறையிலும் கண்டதைத் துண்டில் எழுதி அக்காவிடம் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. நான் எழுதினேன்: “பதினாலாம் அறை. பொறுமையான உரையாடலின் பலனாக மிக நன்றாக ஒத்துழைத்தார். நன்றி கூறினார்.” கொடுத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். கோப்பியை ஊற்றி முடிக்கவில்லை, அக்கா ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த இல்லத்தில் அவர் ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை.

பதினாலாம் அறையில் அவர் கிழவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு மணிக்கூட்டைப் பிடித்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, என்ன நடந்தது?”

“நன்றி சொன்னவரோ?”

“ஓம்.”

“இந்த மனுசன் வந்து ரெண்டு வருசம். ஒருநாளும் ஒருத்தருக்கும் நன்றி சொன்னதில்லை.” இரத்த அழுத்தம் பார்த்தார். “இவருக்கு நீர் ஆர் எண்டே தெரியேல்லை. அதுதான் மரியாதை.”

காய்ச்சல் பெரிதாக இல்லை. மூச்சு வேகம், அழுத்தம் குறைவு, முழங்காலில் தோல் திட்டுத்திட்டாக இருந்தது. இவ்வளவும் நான் கழுவும்போதும் இருந்தவைதான். நான் கழுவிய முழங்கால்தான். வைத்தியருக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர், கிழவருக்கு வயது போய்விட்டது, தண்ணீர் நிறையக் கொடுங்கள், நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். அக்கா குரலை உயர்த்தவில்லை. “நாளைக்கு நீங்கள் வரும்போது இந்தக் கட்டில் காலியாக இருக்கும். நான் இப்போது அம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன். நான் உங்களுக்குச் சொன்ன நேரத்தையும் எழுதிவைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார். சொன்னபடி இரண்டையும் செய்தார்.

சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் ஒன்றும் செய்ய ஏலாமல் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பன்னிரண்டு நாளில் திரும்பி வந்தார். நான் கதவைத் திறந்தேன். கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “வந்திட்டான் சவக்கையன்” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்தக் கிண்ணமும் அந்த ஏச்சுக்குப் பக்கத்தில் நிற்காது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். “உடம்பு சரி” என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அந்தப் ‘பசி’க் கட்டுரையை மறுபடி எடுத்து வாசித்தேன். பாண் வேண்டாம் என்றவரின் பல்லைக் கழற்றிப் பார்த்த ஆள். நான் என்றால் பாணின் அருமை பற்றிப் பேசியிருப்பேன். அவர் எழுதியதில் மனசு இல்லை என்று சொன்னேனே, அது முதல் வரியிலிருந்தே அங்கேதான் இருந்தது. தேடத் தெரியாதவன் மூன்றாவது பந்தியில் வா என்று நேரம் குறித்து டேர்மின் கொடுத்திருந்தேன்.

ஏழு கட்டுரைகளையும் அழித்தேன். அடுத்த சனிக்கிழமை தொடக்கம் அக்காவும் நானும் ஒரு புது ஒழுங்குக்கு வந்தோம். ஒழுங்கு அவருடையது, நான் தலையாட்டினேன். “நான் எழுதுறன். நீர் சத்தமா வாசியும். விளங்காத இடத்தில நிப்பாட்டும். வேற ஒண்டும் சொல்லாதையும்.” அதுதான் இன்றைக்கு நீங்கள் இந்த வகுப்பில் பாவிக்கிற முறை. பேனை இல்லை, அறிவுரை இல்லை, வாசிக்கிற வாய் ஒன்று மட்டும். பாதியில் நான் திக்கினால், அந்த இடத்தில் அவர் எதையோ விழுங்கியிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்துவிடும். “இதில பொய் சொல்லியிருக்கிறன்” என்று தாளை வாங்கித் தானே வெட்டுவார். பொறுமையாக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தச் சில வாரங்கள் போல நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த காலம் கிடையாது. வீட்டில் அம்மா, தொண்டை நோவோ என்று கேட்டார்.

இலையுதிர்காலத்தில் இரண்டாவது பரீட்சை வந்தது. துணைக்கு நானும் ரெயினில் போனேன். துணைக்கு என்றால் அவருடைய குளிர் ஜாக்கெட்டைப் பிடிக்க. ஹம் ஸ்டேஷனில் நிற்கும்போது மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “இல்லத்தில என்னைப் பிரிவுப் பொறுப்பாளரா வரச்சொல்லிக் கேட்டவை. நேற்று ஏலாதெண்டு சொல்லிட்டன்.”

“பரீட்சை முடிய, முடிவு வந்தாப்போல சொல்லியிருக்கலாமே அக்கா!”

“அவைக்கு நேற்று பதில் வேணும்.”

கடைசித் தடவை, கையில் இருந்த பதவியும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் மனிதன் தன் பழைய குணத்துக்குத் திரும்புவான். நானும் திரும்பினேன். உங்களிடம் ஒளிக்க மாட்டேன்: சட்டைப் பையில் ஒரு துண்டு வைத்திருந்தேன். எந்தத் தலைப்புக்கும் பொருந்தக்கூடிய ஒரே ஒரு தொடக்க வசனம். ஒன்றுதானே, சும்மா ஒரு காவலுக்கு.

“அக்கா, இதை ஒருக்கா மட்டும் பாருங்கோ.”

வாங்கினார். வாயிலிருந்த சூயிங்கத்தை அதில் துப்பி, நாலாக மடித்து, ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் போட்டார். “நல்லது, துண்டு தேடினனான்” என்றார். ரெயின் வந்தது. வழி முழுக்க நித்திரை கொண்டார்.

இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தார். என்ன தலைப்பு என்று கேட்டேன். “நல்ல எண்ணத்தோட ஒராள் செய்த பிழை. அதைக் கண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்.” என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். “நடந்ததை” என்றார். நான் வைத்தியரைப் பற்றித்தான் என்று விளங்கிக்கொண்டேன். நாளைக்கு வருகிறேன் என்ற வைத்தியர். அருமையான தெரிவு என்று மனதுக்குள் பாராட்டினேன்.

மூன்று கிழமையில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதுவே எங்கள் வகுப்புக்கு முதல் தடவை. மறுபடியும் ஜாக்கெட். நீண்ட கொரிடோரில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தபடி நான், மூடிய கதவுக்குள் அவரும் மூன்று பேராசிரியர்களும். இருபது நிமிடம் போனது. திடீரென்று உள்ளே சிரிப்புச் சத்தம். கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒரு பெண் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். என்னை உச்சியிலிருந்து சப்பாத்து வரை பார்த்து, அன்பாகத் தலையாட்டி, கதவைச் சாத்தினார்.

நான் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினேன். அக்கா உள்ளே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தன்னை உருவாக்கிய ஆள் வெளியில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பார்க்காமல் இருக்க முடியாமல் எழுந்து வந்திருக்கிறார். திரும்பும் வழியில் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடம் கிடைத்தது. கடிதம் இந்த முறை ஒன்றரைப் பக்கம். அவருடைய அப்பா அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார், எங்கள் அம்மா மாதிரி அவசரப்பட்டல்ல, இரண்டு தடவை வாசித்து, கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. அடுத்த ஞாயிறு வீட்டில் ரோல்ஸும் கட்லட்டும். அக்காவோடு வேலை செய்கிறவர்கள் வந்திருந்தார்கள், சனிக்கிழமை வகுப்பு முழுக்க வந்திருந்தது. மியூனிக் எஞ்சினியர்கூட மகனோடு வீடியோவில் வந்து, “இந்த வெர்ஷன் ஸ்டேபிளா இருக்கு தம்பி” என்றார். அக்காவின் அப்பா என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எழும்பினேன். எங்கள் புது முறை பற்றிச் சொன்னேன், என்னுடைய பொறுமை பற்றிச் சொன்னேன், கடைசியில் அந்தக் கொரிடோர்ச் சம்பவத்துக்கு வந்தேன். ஒரு பேராசிரியர் ஆசனத்தை விட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்ததைக் கையை உயர்த்திச் சொன்னேன்.

“ஓம், பார்த்தவதான்” என்றார் தர்ஷிகா அக்கா, ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டே. “கட்டுரையில வாற அந்தப் பயிற்சி மாணவன் இப்ப என்ன செய்யிறான் எண்டு கேட்டவ. வெளியில என்ர ஜாக்கெட்டோட இருக்கிறான் எண்டன்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வீடியோவில் மியூனிக்கும் சிரித்தது. அவருடைய அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பேராசிரியர்களுக்குப் பிடித்தது என்ன என்று அக்கா பிறகு சொன்னார்: அவர் என்னோடு நிறுத்தவில்லை. பழகாத ஒருவனை அந்த அறைக்குத் தனியே அனுப்பியது தன் பிழை, எப்படிக் கழுவுவது என்று காட்டியவள் எதைப் பார்ப்பது என்று காட்டவில்லை, அதை எழுதியிருக்கிறார். மற்ற எல்லாரும் மற்றவர்களின் பிழையை எழுதியிருந்தார்களாம்.

நீங்கள் கேட்பீர்கள், வெட்கமாக இல்லையா என்று. இருந்தது, ஒரு ரோல்ஸ் சாப்பிடும் வரைக்கும். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏழு கட்டுரைகள் எழுதியும் யாரையும் அந்தக் கதவுக்குள் அனுப்ப முடியாத நான், ஒரு மடத்தனத்தைச் செய்து ஒருவரை உள்ளே அனுப்பியிருக்கிறேன். அவர் இன்று நாலாம் வருடம். அவர் போன வழியில் பிறகு ஒன்பது பேர் போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் அப்பப்பா இல்லை. நம்முடைய வகுப்பில் இப்போது யாரும் கட்டுரையைப் பாடமாக்குவதில்லை. என்னால் முடிந்ததில் இது பெரிய வேலை, நான் செய்தது அநேகமாக ஒன்றுமில்லை என்றாலும்.

ஆனால் அன்றைக்கு ஒரு சின்ன ஆசை மட்டும் மிச்சமிருந்தது. எல்லாரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம், குசினி வாசலில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

“அக்கா, அந்தப் பயிற்சி மாணவன் பிறகு திருந்தி, நல்லா வந்திட்டான் எண்டு கடைசியில ஒரு வரி எழுதினீங்களோ?”

“அதுக்கு நேரம் காணேல்லை, தம்பி.”